பாடசாலை ஒப்பீஸில் வேலை தேங்காமல் இருக்க என்ன செய்யலாம்

முதலில் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். அதை ஒப்பீஸ் மேசையில் வைத்து, இரண்டு கிழமைக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், வந்த வேலை அன்றைக்கே முடிந்ததா என்று மட்டும் எழுதி வாருங்கள். பெற்றோர் மட்டுமில்லை, வகுப்பை விட்டுவிட்டு வருகிற ஆசிரியர்களையும் எழுத வேண்டும். புது மென்பொருள், புது கொம்பியூட்டர், இன்னொரு ஆள் என்று கேட்பதெல்லாம் இதற்குப் பிறகு.

திருகோணமலை மாவட்டத்தில் நான் முகாமைத்துவ உதவியாளராக இருந்த ஒரு பாடசாலையில் இப்படி எழுதிப் பார்த்தோம். அதிகம் பேரைத் திரும்பத் திரும்ப வர வைத்த வேலை, பிள்ளை பாடசாலையை விட்டு விலகும்போது கொடுக்கிற விடுகைப் பத்திரம்தான். வெருகல் பக்கமிருந்து ஒரு அம்மா மூன்று நாள் பஸ் ஏறி வந்திருந்தார். முதல் நாள் சேர்விடாப்பு, அதாவது பிள்ளைகளைச் சேர்க்கும்போது விவரம் எழுதுகிற பதிவேடு, இருந்த அலுமாரியின் திறப்பு பிரதி அதிபரிடம், அவர் வகுப்பில். இரண்டாம் நாள் நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுத்ததற்கு ஒப்பம் இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் சரி, ஆனால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போய்விட்டார். கூலி வேலைக்குப் போகிற அந்த அம்மாவுக்கு மூன்று நாள் சம்பளம் போனது. அந்தக் கொப்பியில் அவருடைய பெயரை மூன்றாவது தடவை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு செய்தது சின்ன விஷயம். பிள்ளை விலகப் போகிறது என்று தெரிந்த உடனேயே ஒரு துண்டு, அதில் வகுப்பாசிரியர், நூலகம், பாடநூல், விளையாட்டுப் பொருள் என்று நாலு ஒப்பத்துக்கு இடம். அந்தத் துண்டோடு ஒப்பீஸ் ஆள்தான் சுற்ற வேண்டும், பெற்றோர் சுற்றக் கூடாது. பத்திரம் ஆயத்தமானதும் கோல் எடுத்துச் சொல்வது. அதிபர் வெளியில் போனால் யார் ஒப்பமிடலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்வது. வெறும் படிவத்தில் முன்கூட்டி ஒப்பம் வாங்கி வைக்கிற பழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள், அது அதிபருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

சரி, அடுத்தது பெரிய விஷயம். ஒரு பிள்ளையைப் பற்றிய தகவலை ஒரு தடவைதான் கேட்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை குறையும். பாடசாலைக் கணக்கெடுப்புக்கு ஒரு பட்டியல், சீருடைக்கு ஒரு பட்டியல், பாடநூலுக்கு ஒன்று, புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒன்று, சாதாரண தரத்துக்கு ஒன்று, தேசிய அடையாள அட்டைக்கு ஒன்று என்று வகுப்பாசிரியர் ஒவ்வொரு தடவையும் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதே பிறந்த திகதியை எழுதுகிறார். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகளுடைய பாடவேளை. அதனால் எக்ஸெல்லில் ஒரே ஒரு தாய்ப் பட்டியல் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, முதல் நிரல் சேர்விலக்கம். பெயர் ஒன்றாக இருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, ஒரே பாடசாலையில் ஒரே சேர்விலக்கம் இரண்டு பிள்ளைக்கு வராது. பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், கிராம சேவகர் பிரிவு, பாதுகாவலரின் தொலைபேசி, மொழிமூலம், சமயம் எல்லாம் அடுத்தடுத்த நிரல்களில். வலயம் எந்தப் படிவத்தைக் கேட்டாலும் தேவையான நிரல்களை மட்டும் எடுத்து அனுப்பலாம்.

இந்தப் பட்டியலில் கை வைக்கும்போது இரண்டு இடத்தில் நின்று நிதானமாகச் செய்யுங்கள். ஒன்று எழுத்துரு. நம்முடைய பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினியில் இருக்கும். பாமினியில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான், அதனால் தேடினால் ஒழுங்காகக் கிடைக்காது, அகர வரிசைப்படுத்தினால் தாறுமாறாக வரும், வேறு கணினியில் திறந்தால் புரியாத எழுத்தாக நிற்கும். ஒரு தடவை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகளின் முழு விவரத்தையும் அங்கே ஒட்ட வேண்டாம், பெயர் நிரலை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

மற்றது ஆங்கிலத்தில் பெயர் எழுதுவது. கஜன் என்ற பிள்ளை ஐந்தாம் ஆண்டில் 'கே' போட்டு எழுதப்படுவான், பத்தாம் ஆண்டில் இன்னொரு ரீச்சர் 'ஜி' போட்டு எழுதுவார், அடையாள அட்டை ஒரு மாதிரி வரும், சாதாரண தரச் சான்றிதழ் இன்னொரு மாதிரி வரும். கடைசியில் கடவுச்சீட்டு எடுக்கவோ பல்கலைக்கழகத்துக்கோ போகும்போதுதான் தெரியும் அது ஒரே ஆள் இல்லையாம் என்று. சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கொழும்புக்கு அலைச்சல். இதையெல்லாம் ஆறாம் ஆண்டில் பிள்ளை சேரும் நாளிலேயே தடுக்கலாம். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதி, பெற்றோரிடம் காட்டி, அவரிடமே ஒப்பம் வாங்குங்கள். அதற்குப் பிறகு அந்த எழுத்துக்கூட்டலை யாரும் மாற்றக் கூடாது. பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் பட்டியலையும் இதே கோப்பில் பிறந்த திகதியை வைத்து வடிகட்டி எடுத்துவிடலாம், பரீட்சைக் காலத்தில் ஓட வேண்டியதில்லை.

இவ்வளவு விவரமும் ஒரே இடத்தில் இருந்தால் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களைப் போட்டோ எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கோப்புக்குக் கடவுச்சொல், பென்டிரைவில் ஒரு பிரதி, அந்தப் பென்டிரைவ் அதிபரின் அலுமாரியில்.

வாட்ஸ்அப் என்றதும் நினைவுக்கு வருகிறது, வலயத்திலிருந்து வருகிற கடிதங்கள். காலையில் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு இன்னொன்று, "நாளை பத்து மணிக்குள்" என்று. யாரோ பார்ப்பார்கள் என்று எல்லாரும் நினைத்து ஒருவரும் பார்க்காமல் போவதுதான் வழக்கம். ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் காலை ஏழரைக்கு வந்ததும் உள்வரும் கடிதப் பதிவேட்டில் எழுதி, பொறுப்பானவர் பெயரையும் கடைசித் திகதியையும் வெள்ளைப் பலகையில் போட வேண்டும். முடிந்ததை அழியுங்கள். பலகையில் அழியாமல் நிற்பதை அதிபர் தினமும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

காசு விஷயத்தில் வேகத்தை விட ஒழுங்குதான் நேரத்தை மிச்சப்படுத்தும். வசதிக் கட்டணமோ அபிவிருத்திச் சங்கக் காசோ, வாங்குவதற்கு மாதத்தில் இரண்டு நாள் குறித்துப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். தினமும் வாங்கினால் தினமும் ஒரு மணித்தியாலம் போகும், அலுமாரியிலும் காசு கிடக்கும். வாங்கினவுடன் பற்றுச்சீட்டு, அன்றைக்கோ அடுத்த வேலை நாளிலோ வங்கி. காசு வாங்குகிறவரும் காசேடு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, சின்னப் பாடசாலையில் ஆள் இல்லை என்றால் ஒரு ஆசிரியரைக் கேளுங்கள். மாத முடிவில் வங்கிக் கூற்றோடு ஒத்துப் பாருங்கள். ஒரு மாதம் விட்டால் இரண்டு மணி நேர வேலை, ஒரு வருடம் விட்டால் கணக்காய்வு வருகிற கிழமை முழுக்க யாரும் நித்திரை கொள்ள முடியாது.

வாங்குவதையும் சேர்த்துச் செய்யுங்கள். போட்டோகொப்பித் தாளை ஒரு பக்கெட், ஒரு பக்கெட்டாக வாங்கினால் ஒவ்வொரு தடவையும் விலைமனு, வவுச்சர், காசோலை, ஓட்டம். ஒரு தவணைக்கு எவ்வளவு போகிறது என்று பழைய வவுச்சர்களைப் பார்த்துக் கூட்டி, தவணைக்கு ஒரு தடவை வாங்குங்கள். அரசாங்க நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது, ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பாடசாலைத் தவணைகள் அதோடு ஒத்துப் போகாமல் இழுபட்டன. தவணை முடிவை நம்பியிருந்தால் கற்றல் பொருள் வாங்க அரசாங்கம் தருகிற தர உள்ளீட்டுக் காசு செலவழிக்காமல் நின்றுவிடும், பிள்ளைகளுக்கு வந்திருக்க வேண்டிய ஆய்வுகூடப் பொருள் வராமல் போகும். கொள்வனவுத் திட்டத்தை நாட்காட்டி ஆண்டுக்குப் போட்டு, ஒக்டோபருக்குள் பெரிய கொள்வனவை முடித்துவிடுங்கள்.

ஒக்டோபர் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகீழ்ப் பருவமழை. நம்முடைய ஊரில் நவம்பர், டிசம்பரில் கூரை ஒழுகாத ஒப்பீஸ் குறைவு, கடற்காற்றில் இரும்பு அலுமாரியின் அடித்தட்டு துருப்பிடித்துப் போயிருக்கும். 2004 சுனாமியில் கரையோரப் பாடசாலைகளின் பதிவேடுகள் கடலோடு போனதைக் கண்டவர்கள் நாங்கள், 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோதும் மனம் பதறியது. சேர்விடாப்பும், பாடசாலையில் நடக்கிற முக்கிய விஷயங்களை எழுதுகிற சம்பவத் திரட்டும் மேல்தட்டில், பொலித்தீன் உறைக்குள் இருக்க வேண்டும். சேர்விடாப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் ஸ்கேன் செய்யுங்கள், ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்றால் ஒரு தவணைக்குள் முடிந்துவிடும். அறுபது வருடத்துக்கு முந்திய பக்கமும் தேவை, ஓய்வூதியத்துக்கு வயதை உறுதிப்படுத்த இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள்.

வலயத்துக்குப் போகிற பயணங்களைக் கிழமைக்கு ஒரு நாளாகச் சேருங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்ததற்குப் பிறகு பாதைப்படகுக்குக் காத்திருக்கிற காலம் போய்விட்டது, ஆனாலும் ஒரு கடிதத்துக்காக ஒரு ஆசிரியரை அனுப்பினால் அன்றைக்கு அவருடைய வகுப்புகள் போனது போனதுதான்.

கடைசியாக இடமாற்றம். நீங்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆகாமல் இருக்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்தக் கோப்பு, எந்தத் திகதி, யாருடைய ஒப்பம், வலயத்தில் எந்தக் கிளைக்கு. எழுதிய பிறகு ஒரு நாள் லீவு எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஒருவரை ஒரு விடுகைப் பத்திரம் தயாரிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் உங்களுக்குக் கோல் எடுக்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.