டிஸ்ஹானர்ட்: முதல் முறை விளையாடுபவர் எங்கே தொடங்குவது?

டிஸ்ஹானர்ட் விளையாடியவர்கள் பேசுவதைக் கேட்டால், எல்லாரும் ஒரே கேமைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும். "இத்தனை ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எடுத்து வீசினால் கெட்ட முடிவைக் காட்டுகிறது" என்பார் ஒருவர். "ஒவ்வொருவராகக் கழுத்தை நெரித்து மயக்கிக்கொண்டே இருந்தேன், எனக்குத்தான் தூக்கம் வந்தது" என்பார் இன்னொருவர். "நொடியில் இடம் தாவும் ப்ளிங்க் சக்தி இருக்கும்போது ஒளிவது எதற்கு? ரொம்ப சுலபம்" என்பார் மூன்றாமவர். நான்காமவர் ஆறு முறை முடித்துவிட்டு ஏழாவது முறை தொடங்கியிருப்பார்.

நால்வர் சொல்வதும் உண்மைதான். அவர்களில் மூன்று பேராக நானே இருந்திருக்கிறேன். முதல் தடவை யாரையும் கொல்லாமல், யார் கண்ணிலும் படாமல் முடிப்பேன் என்று சபதம் எடுத்து உட்கார்ந்தேன். நான்காவது மிஷனில் வெறுத்துப்போய் மூடிவைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி விளையாடிப் பார்த்தபோதுதான் பிடித்தது. அந்த வேறு மாதிரியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். பிரான்ஸின் லியோன் நகரத்து அர்கேன் ஸ்டுடியோஸ் உருவாக்கி, பெதஸ்டா 2012 அக்டோபரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த கேம் விருது வாங்கியது. கதை நடப்பது டன்வால் என்ற கற்பனை நகரத்தில். லண்டன், எடின்பரோ இரண்டின் சாயலும் தெரியும். எலிகள் பரப்பும் கொள்ளைநோய், திமிங்கில எண்ணெயில் ஓடும் இயந்திரங்கள், ஊரடங்கு. பேரரசியின் மெய்க்காவலர் கார்வோ அட்டானோதான் நீங்கள். பேரரசியைக் கொன்ற பழி உங்கள் மேல் விழுகிறது, அவருடைய மகள் எமிலி கடத்தப்படுகிறாள். இது போதும்.

படி 1: விளையாடுவதற்கு முன்னால் அமைப்புகளைத் திறங்கள்

கடினத்தை நார்மலில் வையுங்கள். ஒளிந்து மறைந்து ஆடும் ஸ்டெல்த் கேம்கள் ஏற்கெனவே பழக்கம் என்றால் ஹார்டு. நார்மலில் காவலர்கள் கொஞ்சம் மந்தம்தான், அதனால்தான் "ரொம்ப சுலபம்" என்ற புகார் வருகிறது. ஆனால் புதியவருக்கு அந்த மந்தம் தேவை.

அடுத்து, திரையில் இலக்கைக் காட்டும் குறிகள். பழைய ஆட்கள் பலரும் "முதலில் அதை அணைத்துவிடு" என்று அடித்துச் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான், ஆனால் முதல் மிஷனிலேயே வேண்டாம். இரண்டு மிஷன் போகட்டும், பிறகு அணையுங்கள். குறி இருக்கும்வரை கண் அந்தப் புள்ளியிலேயே நிற்கும். பக்கத்துச் சந்தும், திறந்திருக்கும் ஜன்னலும், மேசைமேல் கிடக்கும் கடிதமும் கண்ணில் படாது. இந்த கேமின் பாதி விஷயம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது.

கணினியில் எஃப்5 அழுத்தினால் க்விக் சேவ், எஃப்9 அழுத்தினால் அந்த இடத்துக்குத் திரும்பலாம். இந்த இரண்டு பொத்தான்களைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டும்.

படி 2: சிறையில் இரண்டு விஷயம் பழகுங்கள்

கோல்ட்ரிட்ஜ் சிறையிலிருந்து தப்புவதுதான் உங்கள் பயிற்சிக்கூடம். இங்கே சக்தி எதுவும் கிடையாது.

முதலில் எட்டிப் பார்ப்பது. க்யூ, இ பொத்தான்களால் சுவரோரம் சாய்ந்து பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை: தலையும் தோளும் முழுக்க வெளியே தெரிந்தாலும் எதிரிக்குத் தெரியாது. உடல் சுவருக்குப் பின்னால் இருக்கிறதா என்பதை மட்டும்தான் கேம் கணக்கில் எடுக்கிறது. நியாயமா என்றால் இல்லை. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து மயங்க வைப்பது. இதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் திரும்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே அருகில் போகும் முன், அவருடைய கூட்டாளி எங்கே நடந்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். காவலரின் தலைக்கு மேல் மின்னல் கோடு போல வெள்ளைக் குறி ஏறத் தொடங்கினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது; சிவப்பானால் பார்த்துவிட்டார். வெள்ளையாக இருக்கும்போதே விலகிவிட்டால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடுவார்.

இருட்டை அதிகம் நம்பாதீர்கள். 1998இல் வந்த தீஃப் போன்ற கேம்களில் நிழலுக்குள் நின்றால் காற்றாகிவிடலாம். இங்கே தூரத்தில் இருந்தால்தான் இருட்டு உதவும். பக்கத்தில் வந்தவருக்கு நீங்கள் தெரிவீர்கள். அந்த கேமின் ரசிகர்கள் இதில் ஏமாந்து திட்டியதும் உண்டு. இங்கே பாதுகாப்பான இடம் உயரம்தான். காவலர்கள் அண்ணாந்து பார்ப்பது அபூர்வம்.

படி 3: ரூன்களை எதில் செலவிடுவது

சிறைக்கு அப்புறம் ஹவுண்ட் பிட்ஸ் என்ற மதுக்கடையில் தங்குவீர்கள். அங்கே ஒரு கனவில் அவுட்சைடர் என்ற அமானுஷ்ய உருவம் வந்து கையில் முத்திரை குத்துவார், ப்ளிங்க் சக்தி இலவசமாகக் கிடைக்கும். நொடியில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் சக்தி அது. ஒருமுறை தாவிவிட்டுச் சற்று நின்றால் செலவான மானா, அதாவது சக்திகளுக்கான எரிபொருள், தானாக நிரம்பிவிடும். ஆகவே தாவுங்கள், மூச்சு விடுங்கள், மறுபடி தாவுங்கள்.

மற்ற சக்திகளை வாங்க ரூன் வேண்டும், நகரத்தில் ஆங்காங்கே ஒளிந்து கிடக்கும் மந்திரப் பொருள் அது. உங்களிடம் தரப்படும் இதயத்தைக் கையில் எடுத்தால் ரூன்களும் போன் சார்ம் என்ற எலும்புத் தாயத்துகளும் எங்கே இருக்கின்றன என்று சுவர் தாண்டிக் காட்டும். அதே இதயத்தை ஒரு மனிதரை நோக்கி அழுத்திப் பாருங்கள், அவருடைய ரகசியத்தைச் சொல்லும். கழுத்தை நெரிக்கப் போகும் காவலர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு கை தயங்கும், அல்லது வேகமாகும்.

என் சிபாரிசு: முதலில் டார்க் விஷன், சுவருக்குப் பின்னால் ஆட்கள் தெரிவார்கள். பிறகு வேகமாக ஓடவும் உயரத் தாண்டவும் உதவும் அஜிலிட்டி, பிறகு ப்ளிங்கின் இரண்டாம் நிலை. ஷாடோ கில், பிளட் தர்ஸ்டி போன்றவை கொல்பவர்களுக்கு மட்டும். கொல்லாமல் போகிறவருக்கு ரூன் வீண். "வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை" என்று சிலர் அலுத்துக்கொள்வது இதனால்தான், அந்தக் குறையை நான் மறுக்க மாட்டேன். டார்க் விஷனை எப்போதும் போட்டுக்கொண்டே திரியவும் வேண்டாம். நகரமே ஒரே நிறமாகிவிடும். ஹாஃப்-லைஃப் 2 கேமின் சிட்டி 17 நகரத்தை வடிவமைத்த விக்டர் ஆண்டனோவ் உழைத்த ஊர் இது, அதைக் கண்ணால் பாருங்கள்.

படி 4: கேயாஸ் என்றால் என்ன

விளையாடியவர்கள் வாக்குவாதம் செய்வதே இதைப் பற்றித்தான். கேயாஸ் என்பது நகரம் எவ்வளவு சீர்குலைந்திருக்கிறது என்று கேம் வைக்கும் கணக்கு. நீங்கள் நிறையப் பேரைக் கொன்றால் அது ஏறும். பிணம் அதிகமானால் எலி அதிகம், எலி அதிகமானால் நோய் அதிகம், வீப்பர் என்ற நோயாளிகள் தெருவில் கூடுவார்கள், காவலும் பெருகும். எமிலி பேசும் பேச்சும் வரையும் படமும்கூட மாறும். கடைசி மிஷன் நடக்கும் வானிலையே வேறு.

இதைத் தண்டனை என்று படிப்பவர்கள் கோபப்படுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஹை கேயாஸில் கேம் கடினமாகிறது, கதை இருண்டுபோகிறது, ஆனால் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. சொல்லப்போனால் கடைசி மிஷன் அந்த வழியில்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஆனால் முடிவுகளை "நல்லது", "கெட்டது" என்று தெரியும்படிப் பிரித்து வைத்துவிட்டு, வேடிக்கையான சக்திகளில் பாதியைக் கெட்ட பக்கத்தில் அடுக்கியது அர்கேனின் தவறுதான்.

புதியவருக்கு முக்கியம் இது: லோ கேயாஸ் வேண்டுமென்றால் ஒருவரைக்கூடக் கொல்லக் கூடாது என்று இல்லை. மிஷனுக்கு இரண்டு மூன்று பேர் போனாலும் கணக்கு தாங்கும். ஒருவரையும் கொல்லாதவருக்கான க்ளீன் ஹேண்ட்ஸ், யார் கண்ணிலும் படாதவருக்கான ஷாடோ இரண்டும் அச்சீவ்மென்ட் சேகரிப்பவர்களின் விவகாரம், இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். வீப்பர்களும் மனிதர்களாகத்தான் கணக்கில் வருவார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நாயும் எலியும் வராது.

படி 5: ஹை ஓவர்சியர் கேம்பெல், மெதுவாக

முதல் உண்மையான மிஷன் இது. ஓவர்சியர்கள் என்ற மதக் காவலர்களின் தலைவர் கேம்பெல்தான் இலக்கு. அவசரப்படாமல் ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்.

படகிலிருந்து இறங்கியதும் தெருவை மறித்து வால் ஆஃப் லைட் என்ற மின்சுவர் நிற்கும், அந்நியர் தொட்டால் சாம்பல். ரீவயர் கருவியால் மாற்றிவிட்டால் உங்களை விட்டுவிட்டுக் காவலர்களை எரிக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கேயாஸை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் திமிங்கில எண்ணெய்க் கலனை உருவிவிட்டால் மொத்தமும் அணைந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால் மேலே பாருங்கள். குழாயும் மாடமும் இருக்கும்.

கிளம்பும் முன் மதுக்கடையில் கலிஸ்டா என்ற பெண் தன் மாமா கர்னோவைக் காப்பாற்றச் சொல்லியிருப்பார். கேம்பெல் அவருக்கு ஒயினில் விஷம் வைத்திருக்கிறார். இருவரும் சந்திக்கும் அறைக்கு அவர்களுக்கு முன்னால் போய்விட்டால் இரண்டு கோப்பைகளும் மேசைமேல் இருக்கும். மாற்றி வைத்தால் கேம்பெல் தன் விஷத்தைத் தானே குடிப்பார். இரண்டையும் கொட்டிவிட்டால் திட்டத்தை மாற்றிக்கொண்டு கர்னோவைத் தனியிடத்துக்கு அழைத்துப் போவார், நீங்கள் பின்தொடரலாம். கொல்லவே வேண்டாம் என்றால் கேம்பெல்லை மயக்கித் தூக்கிப்போய் விசாரணை நாற்காலியில் வைத்து, மதத்துரோகி முத்திரையை முகத்தில் பொறிக்கலாம். அந்த முத்திரை விழுந்தவருக்கு யாரும் சோறோ இடமோ தரக் கூடாது என்பது ஓவர்சியர்களுடைய சட்டம். அவரைப் பிறகு ஓரிடத்தில் பார்ப்பீர்கள். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

படி 6: மாட்டிக்கொண்டால் எஃப்9ஐத் தொடாதீர்கள்

நான் முதல் தடவை வெறுத்துப்போனதற்குக் காரணம் இந்தப் பொத்தான்தான். ஒருவர் திரும்பிப் பார்த்தால் எஃப்9. காலடிச் சத்தம் கேட்டால் எஃப்9. ஒரே வாசலை இருபது தடவை கடந்தேன். அப்படி விளையாடினால் யாருக்கும் சலிக்கும்.

பார்த்துவிட்டார்களா, சரி, ப்ளிங்கில் கூரைக்கு ஏறுங்கள். இன்னொரு கூரைக்குப் போங்கள். கொஞ்ச நேரம் தேடுவார்கள், திட்டுவார்கள், பிறகு அடங்குவார்கள். இந்த கேமின் மிகச் சிறந்த நிமிடங்கள் அப்படி ஓடும்போதுதான் கிடைக்கும். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: சண்டை தொடங்கிவிட்டால் கொல்லாமல் அடக்க இந்த முதல் பாகத்தில் வழி மிகக் குறைவு. தூக்க அம்பு உண்டு, ஆனால் உஷாரான ஆள் விழச் சில நொடி எடுத்துக்கொள்வார். மதுக்கடையில் கருவிகள் செய்துதரும் பியரோவிடம் அந்த அம்பை மேம்படுத்தினால் உடனே விழுவார். காலணியையும் மேம்படுத்துங்கள், காலடிச் சத்தம் குறையும்.

மயங்கியவரைப் போடும் இடத்தையும் பாருங்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாவார், எலி இருக்கும் சந்தில் விட்டால் எலி தின்றுவிடும், உயரத்திலிருந்து போட்டாலும் போச்சு. எல்லாம் உங்கள் கணக்கில்தான். குப்பைத் தொட்டி நல்ல இடம்.

முடித்த பிறகு

கொல்லாத வழிகள் எல்லாம் கருணையான வழிகள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பின்னால் வரும் இலக்குகளான பெண்டில்டன் இரட்டையர்களை அவர்களுடைய சொந்தச் சுரங்கத்துக்கே அடிமைகளாக அனுப்பலாம். இன்னோர் இலக்கான லேடி பாயிலை மயக்கி, அவர்மேல் பித்துப்பிடித்த ஒருவனிடம் ஒப்படைக்கலாம். அவன் படகில் கொண்டுபோய்விடுவான். அதைச் செய்துவிட்டு, கொன்றிருந்தாலே பரவாயில்லை என்று நொந்துகொண்ட விளையாட்டாளர்கள் ஏராளம். எனக்கும் அதே எண்ணம்தான்.

கேயாஸ் முறையே பிடிக்கவில்லை என்றால், இதே வரிசையில் 2017இல் வந்த டெத் ஆஃப் தி அவுட்சைடர் கேமில் அது கிடையாது. ஆனால் கதை புரிய இதை முடித்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு நான் சொல்வது, ப்ளிங்கைத் தவிர வேறு சக்தி எதையும் வாங்காமல் போவது. அதற்கும் ஒரு அச்சீவ்மென்ட் உண்டு.

லேடி பாயில் விருந்தில் ஒன்று செய்து பாருங்கள். எல்லாரும் முகமூடி போட்டிருப்பதால் உங்கள் கொலைகார முகமூடியையும் வேஷம் என்று நினைத்துப் பாராட்டுவார்கள். நகரம் முழுக்க உங்களைத் தேடுகிறது. வாசலில் விருந்தினர் பதிவேடு திறந்திருக்கும். அதில் கார்வோ என்று உங்கள் பெயரையே கையெழுத்துப் போடலாம்.