கோட்டை ரயில் நிலையத்தில் மாயக்கதைக்கு வாசல் வைப்பது எப்படி

ரயில் நிலையத்தில் மாய உலகத்துக்கு வாசல் வைத்த கதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஹாரி பொட்டர். 1997இல் வந்த முதல் நூலில், லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தின் 9ஆம், 10ஆம் மேடைகளுக்கு இடையிலுள்ள தடுப்பை ஊடுருவிப் பிள்ளைகள் மறைகிறார்கள். ஆனால் அந்த எண் கொண்ட மேடைகள் பிரதான மண்டபத்தை ஒட்டிய பக்கக் கட்டடத்தில் இருந்தன. அவற்றின் நடுவே ஓடியது தண்டவாளம். யூஸ்டன் நிலையத்தை மனதில் வைத்துக் குழம்பிவிட்டதாக ஆசிரியரே பிறகு சொன்னார். படம் எடுத்தவர்கள் 4ஆம், 5ஆம் மேடைகளுக்குப் போய்ப் பிடித்தார்கள்.

கொழும்புக் கோட்டையை வைத்து எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் வாழ்நாளில் பல தடவை அந்த மேடைகளில் நின்று கால் கடுத்தவர்கள். மேடை எண்ணிலோ எஞ்சினிலோ பிழை விட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மாயத்தை அவர்கள் நம்பமாட்டார்கள். ஆகவே முதலில் நிலையத்தைச் சரியாகக் கட்டுங்கள். மாயம் அதன் பிறகு.

இடத்தைப் பிடித்தல்

இப்போதுள்ள கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. பெயர் கோட்டை என்றாலும் அது நிற்பது புறக்கோட்டையில், ஒல்கொட் மாவத்தையில். வாசலில் கேர்ணல் ஒல்கொட்டின் சிலை. கதாபாத்திரம் வெளியே வந்தவுடன் கால் வைப்பது பஸ் நிலையங்கள், நடைபாதைக் கடைகள், முச்சக்கரவண்டிகளின் நெரிசலுக்குள்தான். வங்கிகளும் பழைய காலனித்துவக் கட்டடங்களும் உள்ள கோட்டைப் பகுதிக்கு அங்கிருந்து நடக்கவேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். கிங்ஸ் குரொஸ் ஒரு முடிவிடம்; தண்டவாளம் அங்கே நின்றுவிடும். கோட்டை ஊடறுத்துப் போகும் நிலையம். ஒரு பக்கம் மருதானை வழியாக வடக்குக்கும் கிழக்குக்கும் மலைநாட்டுக்கும் பாதை. மறுபக்கம் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே கரையோரப் பாதை. இது கதையின் இயக்கத்தையே மாற்றிவிடும். முடிவிடத்தில் தவறான ரயிலில் ஏறியவருக்கு அது புறப்படும்வரை இறங்க அவகாசம் இருக்கலாம். கோட்டையை ஊடறுத்துப் போகும் ரயில் சில நிமிடம் நின்று போய்விடும். நெரிசலில் இறங்கத் தவறியவர் அடுத்த நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்படுவார். பிள்ளை இறங்கி, தாய் இறங்க முடியாமல் போகும் காட்சியை இங்கே எந்தச் செயற்கையும் இல்லாமல் எழுதலாம்.

கோட்டை மேடையில் நின்று கடலைப் பார்ப்பதாக எழுதவேண்டாம். தெற்கே புறப்படும் ரயில் முதலில் பேரை வாவியின் ஓரமாகப் போகும். கொள்ளுப்பிட்டியை அணுகும்போதுதான் கடல் வரும், அதுவும் வலப்பக்கம். கடல்தேவதையோ கடற்பேயோ ரயிலுக்குள் வரவேண்டுமானால் வலப்பக்க யன்னலால் வரட்டும்.

பழைமை வேண்டும் என்றால் மருதானைக்கு அருகே கொழும்பின் முதல் ரயில் முனையம் இருக்கிறது. 1865இல் கொழும்பு–அம்பேபுஸ்ஸ பாதை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது ரயில்கள் புறப்பட்டது அங்கிருந்துதான். கைவிடப்பட்ட முனையம் என்பது மாயக்கதைக்கு இலகுவான இடம். எல்லோரும் முதலில் அதற்குத்தான் ஓடுவார்கள். சனம் நிறைந்த கோட்டையில் மாயத்தை ஒளித்துவைப்பது கடினம். அதனாலேயே அது நல்ல கதையாக வரும்.

வாசலை எங்கே வைப்பது

சுவரில் வைக்கவேண்டாம். கோட்டையில் மேடைக்கு மேடை மேம்பாலம் ஏறி இறங்குகிறோம். ஊடுருவ வசதியான தடுப்புச் சுவரைத் தேடி அலைந்தால் லண்டன் கதையின் நிழல்தான் விழும். இந்த நிலையத்துக்கு அதைவிட வலுவான ஒன்று சொந்தமாக இருக்கிறது. இங்கிருந்து உண்மையாகவே புறப்பட்டு, பிறகு இல்லாமற்போன பயணங்கள் உண்டு. வாசலை நேரசூசியில் வையுங்கள். அறிவிப்பில் ஒரு பெயர் கூடுதலாகக் கேட்கிறது, ஒருவர் மட்டும் எழும்பிப் போகிறார். வாசல் திறக்க அவ்வளவு போதும்.

மூன்று பயணங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலாவது போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகக் கொழும்புக் கோட்டைக்கு மறுபடி ரயில். இங்கே பலர் விடும் பிழை, ரயிலே கடலைக் கடந்ததாக எழுதுவது. ரயில் கடக்கவில்லை, பயணிகள்தான் இறங்கிக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22–23 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. தலைமன்னார்ப் பாதை போரில் மூடப்பட்டு 2015இல் மீண்டும் திறந்தது, கப்பல் திரும்பவில்லை. ஆகவே இன்று கோட்டையில் தலைமன்னார் ரயிலில் ஏறுகிறவர் போட் மெயிலின் பாதிவழி வரை உண்மையாகவே போகலாம். உங்கள் மாயம் தொடங்கவேண்டியது தலைமன்னார் இறங்குதுறையில். கோட்டையில் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒரு பயணியிடம் சென்னை வரைக்குமான டிக்கட் இருக்கவேண்டும்.

இந்த வழியைத் தொடுகிறவர் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். இந்த வழியால் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே கடல் தாண்டினார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர் அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரர்களிலும் பலர் அதே தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கப்பலை ஆனந்தமான மாயக்கப்பலாக மட்டும் எழுதினால் மலையக வாசகருக்கு நெஞ்சு வலிக்கும்.

இரண்டாவது யாழ்தேவி. 1956 ஏப்ரல் 23இல் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது. 1990 ஜூனுடன் வவுனியாவுக்கு அப்பால் பாதை செத்துப்போனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பின்னர் 2013இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று படிப்படியாகத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் ரயிலே பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அந்த 24 ஆண்டுகளும் ஒவ்வொரு நாளும் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு ரயில் புறப்பட்டுக்கொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் ஏறினார்கள்? எங்கே இறங்கினார்கள்? தமிழில் எழுதப்படவேண்டிய மாயக்கதை இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மூன்றாவது களனிவெளிப் பாதை. பிரதான பாதைகள் 1676 மி.மீ. அகலம், இது தொடக்கத்தில் 762 மி.மீ. குறும்பாதை. மாணிக்கக்கல் விளையும் இரத்தினபுரி கடந்து ஓப்பநாயக்க வரை போனது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி 1990களில் அகலப்பாதை ஆனது. சிறிய ரயில், மாணிக்க ஊர், காடு மூடிய தடம்: சிறுவர் கதைக்கு மூன்றிலும் பொருத்தமானது இதுவே.

மாயத்துக்கு விதி

விதி இல்லாத மாயம் இரண்டாம் அத்தியாயத்திலேயே சலித்துப்போகும். புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, ரயில்வேயிலேயே ஒன்று இருக்கிறது. ரம்புக்கனைக்கு அப்பால் மலைநாட்டுப் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வராமல் இருக்க டெப்ளட் முறை. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு இயந்திரம். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்தப் பகுதியின் பெயர் பொறித்த உலோக வட்டு ஒன்றை நிலைய அதிபர் எடுத்துச் சாரதியிடம் கொடுப்பார். தோல் பைக்குள் வைத்து, பெரிய வளையத்தில் கொழுவி நீட்டுவார்கள். அந்த வட்டு இரண்டில் ஒரு இயந்திரத்துக்குள் திரும்பப் போகும்வரை வேறு வட்டை எடுக்க இயந்திரம் விடாது.

இதை அப்படியே மாய உலகத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒற்றைப் பாதை. ஒருவர் போனால் வட்டு திரும்பும்வரை இன்னொருவர் வரமுடியாது. வட்டைத் தொலைத்தால் இரு பக்கமும் பூட்டு. வட்டை வேண்டுமென்றே மறைத்துவைப்பவர்தான் உங்கள் எதிர்நாயகன். நாயகி அதை எங்கே வைத்தாள் என்பதை ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் தனித் தாளில் குறித்து வாருங்கள். பத்தாம் அத்தியாயத்தில் ஒரே வட்டு இரண்டு பேர் கையில் இருப்பது இந்தவகைக் கதைகளில் வழமையாக வரும் கோளாறு. டெப்ளட்டைக் கோட்டை மேடையில் கொடுப்பதாகவும் எழுதக்கூடாது. கோட்டை இரட்டைப் பாதையில் இருக்கிறது, அங்கே அதற்கு வேலையில்லை. நாயகி அதை மலைப்பாதையிலிருந்துதான் கோட்டைக்குக் கொண்டுவரவேண்டும்.

டிக்கட்

பழைய அட்டை டிக்கட் எட்மன்சன் என்ற ஆங்கிலேயரின் முறை. அளவு ஏறத்தாழ 57 மி.மீ.க்கு 30 மி.மீ., தடித்த அட்டை, தொடர் எண், இயந்திரத்தில் செருகி அடித்த திகதி. மாயத் திகதியை எங்கே ஒளிப்பது என்பதற்கு இதுவே விடை. நிறமும் ஊரும் விலையும் சரியாக இருக்கட்டும். திகதி மட்டும் தவறாக இருக்கட்டும். நான்கையும் மாயமாக்கினால் ஒன்றும் உறைக்காது.

இறங்கும் நிலையத்தில் வாயிலில் டிக்கட்டை வாங்கிக்கொள்வார்கள். அப்படியானால் கையில் டிக்கட் இருக்கிறவர் இன்னும் பயணத்தில் இருக்கிறார். வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் அப்பப்பாவின் 1990ஆம் ஆண்டு டிக்கட் கிடக்கிறது என்றால் அவர் இன்னும் இறங்கவில்லை. இந்த ஒரு வழக்கம் ஒரு நாவலைத் தாங்கும்.

குரல்கள்

கோட்டை மேடையில் எல்லாத் தமிழும் கேட்கும். ஒரே அச்சுத் தமிழில் எல்லோரையும் பேசவைத்தால் நிலையம் வெறிச்சோடிப்போகும். யாழ்ப்பாணத்து அம்மா: “தம்பி, வவுனியாக் கோச்சி எந்த மேடைக்கு வருதாம்?” “இன்னும் சொல்லேல்லை அம்மா, உதில இருங்கோ.” மலையக இளைஞன்: “அண்ணே, பதுளை ரயிலு எத்தன மணிக்குண்ணே?” கொழும்பு முஸ்லிம் வியாபாரி: “நானா, மாத்தறைக் கோச்சி பெய்த்தா?” கவுண்டரில் சிங்களத்தில் டிக்கட் கேட்டுவிட்டு, திரும்பி வீட்டாரிடம் தமிழில், கொஞ்சம் தணிந்த குரலில் பேசுவதையும் மறக்காதீர்கள். அறிவிப்பு மூன்று மொழியிலும் வரும். மாய அறிவிப்பு தமிழில் மட்டும் வந்தால் அதுவே போதிய அடையாளம். ஒளியும் புகையும் வேண்டாம்.

ரயில்களுக்கே தேவி, மெனிக்கே, குமாரி என்று பெயர் இருப்பதால் அவர்களைப் பெண்களாக உருமாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு கதையில் ஒருத்தி போதும்.

இறந்தவர்கள்

2008 பெப்ரவரி 3இல் கோட்டை மேடையில் குண்டு வெடித்து மக்கள் இறந்தார்கள். 1996இல் தெஹிவளையில் ரயிலில் குண்டு. 2004 டிசம்பர் 26 காலை கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் போன ரயிலைப் பெரலியவில் ஆழிப்பேரலை அடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களின் வீட்டார் இன்றும் இதே மேடைகளால் போய்வருகிறார்கள். அந்தத் திகதிகளையும் அந்த ரயிலையும் திகிலுக்காக எடுக்கவேண்டாம். ஆவிகள் வேண்டுமானால் கற்பனை ரயிலில் கற்பனைப் பயணிகளை ஏற்றுங்கள்.

சரிபார்த்தல்

முதல் வரைவு முடிந்தபின் ஒரு வேலைநாளில் மாலை நான்கரைக்குப் போய் இரண்டு மணிநேரம் நில்லுங்கள். அலுவலகம் விட்ட சனம் அப்போதுதான் வரும். குறிக்கவேண்டியவை: உங்கள் ரயில் உண்மையில் எந்த மேடைக்கு வருகிறது, மேம்பாலத்தில் ஏறி இறங்க எத்தனை நிமிடம், எந்த மூலையில் அறிவிப்பு காதில் விழாது, மழைக்கு எங்கே ஒழுகுகிறது, கச்சான் விற்பவர் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார். படம் எடுக்குமுன் அங்குள்ள உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.

பிறகு எஞ்சின். 1954இலேயே கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. எம்2 வகுப்பு, சிலவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயர். 1980களின் யாழ்தேவி கரிப்புகை கக்கிக்கொண்டு வந்தால் யாழ்ப்பாணத்துப் பெரியவர் புத்தகத்தை மூடிவிடுவார். நீராவி வேண்டுமானால் கதையை 1940களுக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோனால் யாழ்தேவி என்ற பெயரை எடுத்துவிடுங்கள். கடைசியாக, கதையில் வரும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆண்டு, புறப்படும் ஊர், சேரும் ஊர், எஞ்சின், பாதை அகலம் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் அந்தக் காட்சியை இன்னும் எழுதத் தொடங்கவேண்டாம்.