மேடையை உடைக்கும் முன் மொட்டை மாடியில் வரையுங்கள்

சமையலறையை நீங்களே மாற்றி அமைக்கப் போகிறீர்களா? பழைய மேடையில் சுத்தியல் படுவதற்கு முன், புது அமைப்பை மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் வரையுங்கள். அதற்குள் நின்று ஒரு வேளைச் சமையலை நடித்தே பாருங்கள்: அரிசி களைந்து, காய் நறுக்கி, குக்கரைத் தூக்கி அடுப்பில் வைப்பது வரை.

சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 2½ அடி மேடையாவது வேண்டும். ஆனால் சோறு வடிக்கும் வீடுகளில் இரண்டும் ரொம்பத் தள்ளியும் இருக்கக் கூடாது. கொதிக்கும் பானையோடு நாலு எட்டு நடப்பது ஆபத்து. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் வளைவையும் வரைந்துவிடுங்கள், ஆள் நடக்க இடமிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மேடை உயரம்? தினமும் சமைப்பவரின் முழங்கைக்கு 4 அங்குலம் கீழே இருந்தால் சரி. அப்புறம், மிக்ஸி, கிரைண்டருக்கான பிளக் பாயிண்டுகளை சிங்கிலிருந்து தள்ளி, டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்துவிடுங்கள்.