எஸ்எஸ்டிக்கு மாறிய பின் விண்டோஸ் தொடங்காவிட்டால்

பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த விண்டோஸை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்த (அப்படியே நகலெடுத்த) பிறகு கணினி தொடங்க மறுத்தால், பெரும்பாலும் பழுது விண்டோஸில் இருப்பதில்லை. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று கணினிக்குக் காட்டும் பூட் பகுதியில்தான் இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ அவசரப்பட வேண்டாம். பழைய டிஸ்க்கையும் வேலை முற்றிலும் முடியும்வரை ஃபார்மட் செய்யக் கூடாது.

முதலில் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். குளோன் செய்யும்போது டிஸ்க்கின் அடையாள எண்ணும் நகலாகியிருந்தால், ஒரே எண்ணுடைய இரண்டில் ஒன்றை விண்டோஸ் ஆஃப்லைனில் வைத்துவிடும். இந்த ஒரு செயலிலேயே சிக்கல் தீர்ந்துவிடுவதும் உண்டு.

தீரவில்லையெனில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சென்று பூட் முறையைப் பாருங்கள். எம்பிஆர், ஜிபிடி என்பவை டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய, புதிய அமைப்புகள்; லெகசி, யூஇஎஃப்ஐ என்பவை கணினி தொடங்கும் பழைய, புதிய முறைகள். பழைய டிஸ்க் எம்பிஆர் அமைப்பில் இருந்திருந்தால் லெகசி முறையும், ஜிபிடி அமைப்பில் இருந்திருந்தால் யூஇஎஃப்ஐ முறையும் தேவை.

அடுத்தது பூட் கோப்புகள். ஜிபிடி டிஸ்க்கில் இவை ஏறத்தாழ 100 எம்பி அளவுள்ள, ஃபேட்32 வடிவிலான தனிப் பகுதியில் இருக்கும். சி டிரைவை மட்டும் நகலெடுத்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அங்கே டிஸ்க் பகுதிகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியை இயக்கி, ‘லிஸ்ட் வால்யூம்’ என்ற கட்டளையால் அந்தச் சிறு பகுதியைக் கண்டறிந்து, அதைத் தேர்ந்தெடுத்து, இசட் என்ற எழுத்தை ஒதுக்குங்கள். விண்டோஸ் இருக்கும் பகுதிக்கு இங்கே சி அல்லாத வேறு எழுத்து கிடைத்திருக்கலாம்; அதையும் அதே பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பின் டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியேறி, ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால், பூட் கோப்புகள் புதிதாக எழுதப்படும். பலரும் பரிந்துரைக்கும் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ கட்டளை யூஇஎஃப்ஐ கணினிகளில் அடிக்கடி அனுமதி மறுப்பிலேயே முடிவதால், நான் அதில் நேரம் செலவிடுவதில்லை.

நீலத் திரையில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் கதை வேறு. பூட் கோப்புகள் தம் வேலையைச் செய்துவிட்டன. எஸ்எஸ்டியைப் படிக்கும் டிரைவர் மென்பொருள்தான் உரிய நேரத்தில் ஏறவில்லை. சாட்டா இணைப்பு டிஸ்க்கிலிருந்து அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு மாறும்போது இது நேரும். பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு, விஎம்டி ஆகிய டிஸ்க் இணைப்பு அமைப்புகள் முன்பிருந்தபடியே உள்ளனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும் பிழை நீடித்தால், பழைய டிஸ்க்கில் தொடங்கி, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவி வழியாக, அத்தியாவசிய டிரைவர்களுடன் மட்டும் தொடங்கும் சேஃப் மோடைக் குறித்து, அந்நிலையிலேயே மறுபடியும் குளோன் செய்யுங்கள். எஸ்எஸ்டி ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கிய பின் அந்தக் குறியை நீக்கிவிடலாம். சேஃப் மோடில் விண்டோஸுக்குள் நுழையும் ‘பின்’ (PIN) எண் ஏற்கப்படாமல் போகக்கூடும் என்பதால் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருங்கள். பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்க வசதியைப் பயன்படுத்துவோர் மீட்புச் சாவியையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.