இரண்டு டயர் புதுசு என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள்

பனி கொட்டும் ஊருக்கு வந்து இறங்கியவுடன் எல்லோருக்கும் கிடைக்கும் அறிவுரை இது: "ஆல் வீல் டிரைவ் வண்டியா பார்த்து வாங்குங்க, நாலு சக்கரமும் இழுக்கும், பயமில்லை." எனக்கும் சொன்னார்கள். கையிலிருந்த காசுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிதான் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடிந்து பனியில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போயிருந்ததால், பார்த்த அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாதம் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டி வந்தது. இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காகித வேலை பெரிய விஷயமில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த 17 இட சேஸிஸ் நம்பர் முன் கண்ணாடியின் அடியிலும் டிரைவர் கதவு ஓரத்திலும் இருக்கும். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இன்சூரன்ஸ் போடாமல் ரோட்டில் இறக்காதீர்கள். மற்றதைக் கவுன்டரில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் அதோடு திருப்தியாகிவிடாதீர்கள். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் இதையெல்லாம் பார்த்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். கியர்பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

இனி நான் மாட்டிய இடத்துக்கு வருகிறேன். "பின்னாடி ரெண்டும் புது டயர், போன வாரம்தான் போட்டேன்" என்றார் விற்றவர். குனிந்து தடவிப் பார்த்தேன். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. இரண்டு டயர் செலவு மிச்சம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த இரண்டு டயரைப் பார்த்த உடனேயே கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். புது டயரின் பட்டன் ஆழம், அதாவது ரப்பர் மேல் இருக்கும் பள்ளங்களின் ஆழம், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். என் வண்டியில் முன் டயர்கள் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தன. தேய்ந்த டயர் சின்ன டயர். பின் சக்கரம் நூறு சுற்று சுற்றும்போது முன் சக்கரம் நூற்றொன்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு சுற்று வித்தியாசம் வந்துவிடும். சாதாரண முன்சக்கர இழுவை வண்டியில் இது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் முன்னும் பின்னும் பிணைப்பு கிடையாது. ஆல் வீல் டிரைவில் இரண்டையும் ஒரு கிளட்ச் அடுக்கோ (ஒன்றோடொன்று அழுந்தும் தட்டுகள்) நடு டிஃபரன்ஷியலோ (வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பிணைத்து வைத்திருக்கிறது. நேர் ரோட்டில் போகும்போதும் அது ஓயாமல் வழுக்கி, சூடேறி, தேய்ந்துகொண்டே இருக்கும். சுபாரு வண்டிகளுக்கு நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. பட்டன் ஆழத்தில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர்.

வாங்கிய மூன்றாவது வாரம், கடை வாசலில் பார்க்கிங்குக்காக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. டயர் கீச்சிட்டது. பிரேக்தான் பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு மாதம் ஓட்டினேன். மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. கிளட்ச் மாற்றியதோடு நாலு டயரும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது டயர் ஆழம் அளக்கும் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாலும் ஒரே கம்பெனியா, ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். என்னைப் பத்தே நிமிஷம், அதுவும் நேர் ரோட்டில் கூட்டிப்போனார்கள். இந்தக் கோளாறு ஆயில் சூடேறிய பிறகுதான் நன்றாகத் தெரியும். சூடேறியதும் காலி இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், மறுபக்கம் ஒரு வட்டம். தரை காய்ந்திருக்க வேண்டும். பனியிலோ ஈரத்திலோ சக்கரம் வழுக்கிக் கொடுத்துவிடுவதால் எதுவும் தெரியாது.

இந்த விக்கலை மறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றிவிட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பும். குனிந்து அடியில் பாருங்கள். பழைய சுபாரு ஆட்டோமேட்டிக் சிலவற்றில் ஒரு ஃபியூஸைச் செருகினாலே பின் இழுவை நின்றுவிடும். டேஷ்போர்டில் எஃப்.டபிள்யூ.டி. (முன்சக்கர இழுவை மட்டும்) விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள்.

திரும்பும்போது வரும் எல்லாச் சத்தத்துக்கும் பயந்து ஓடவும் வேண்டாம். பழைய ஹோண்டா சி.ஆர்.வி. திரும்பும்போது பின்னால் முனகினால், பெரும்பாலும் பின் டிஃபரன்ஷியல் ஆயில் பழசாகியிருக்கும். அதற்கென்றே உள்ள ஆயிலை மாற்றினால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

இன்ஜினை நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சூடேறிய பின் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) மேல் சந்தேகப்படுங்கள். பழைய 2.5 லிட்டர் சுபாருக்களில் அது பேர்போன நோய். வண்டியின் கணினியில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும்போது "கோடு (கோளாறு எண்) எதுவும் இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். வண்டியின் கணினி தானே செய்யும் சுயபரிசோதனைகள் பலவும் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். நாலைந்து நாள் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு சக்கர இழுவை கிளம்புவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு இல்லை. பனியில் பிரேக் போட்டால் காப்பாற்றுவது டயர்தான். மேட்டுத் தெருவில் வீடு இல்லையென்றால், நல்ல குளிர்கால டயர் போட்ட முன்சக்கர வண்டியே போதும் என்பது என் கருத்து. அதில் கெட்டுப்போக இத்தனை உறுப்புகளும் இல்லை.

போன மாதம் புதிதாக வந்த ஒரு தம்பியோடு வண்டி பார்க்கப் போனேன். முன் வலது டயர் மட்டும் மூன்று மில்லிமீட்டர் கூடுதல். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம், உரிமையாளர் முடியாது என்றார். திரும்பி வந்துவிட்டோம். தம்பிக்கு வருத்தம், வழியெல்லாம் பேசவில்லை. இந்தச் சனிக்கிழமை இன்னொரு வண்டி பார்க்கப் போகிறோம். அளவுகருவி அவனிடமே இருக்கிறது.