கறிக்கு எந்த வான்கோழி?

முதலில் வீட்டிலுள்ள பெரிய பாத்திரத்தையும் குளிர்ப்பெட்டியின் தட்டையும் அளந்து பாருங்கள். எந்த இன வான்கோழி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். நான் முதலில் வளர்த்தது ப்ரோன்ஸ் இனம். வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னும் அந்த இறகைப் பார்த்து மயங்கி வாங்கினேன். அந்த இனத்தின் இளம் சேவலுக்கு இருக்க வேண்டிய உயிர் எடையே 11 கிலோவுக்கு மேல். வீட்டில் நாங்கள் நான்கு பேர். உரித்த பிறகும் எந்தப் பாத்திரத்திலும் அடங்கவில்லை, துண்டு போட்டுத்தான் சமைத்தோம்.

அதனால் ஆளை எண்ணி எடையைத் தீர்மானியுங்கள். நிறைய பேர் சாப்பிடுவதானால் ப்ரோன்ஸ் சரி. நடுத்தரக் குடும்பத்துக்கு பர்பன் ரெட், நரகான்செட், ஸ்லேட் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு: இளம் சேவல் சுமார் 10 கிலோ, பெட்டை 6 கிலோவுக்குச் சற்று மேல். சின்னக் குடும்பம் என்றால் மிட்ஜெட் ஒயிட், பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட். இரண்டாவது, அமெரிக்க வேளாண் துறை 1930களில் சிறிய அடுப்புக்கென்றே உருவாக்கிய இனம். இரண்டும் இன்று அரிது, தேடித்தான் பிடிக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான ராயல் பாம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அழகுக்காகவே வளர்த்தெடுத்த இனம். மார்பில் கறி குறைவு, வேலியைத் தாண்டிப் பறப்பதிலும் கெட்டி. கறிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது இறகின் நிறம். இறகு பிடுங்கும் நாளில்தான் இதன் அருமை தெரியும். கருநிறப் பறவையின் தோலுக்குள் பாதி முளைத்த இறகுக் குருத்துகள் மை நிரம்பிய குழல்போல இருக்கும். பிடுங்கும்போது உடைந்தால் தோலில் கறை படியும். கறி கெட்டுப் போவதில்லை, ஆனாலும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து விரல் மரத்துப் போகும். பர்பன் ரெட்டுக்கு மேல் இறகு செம்பழுப்பாக இருந்தாலும் குருத்து வெளிர் நிறம், உரித்த பறவை சுத்தமாகத் தெரியும். கென்டக்கி மாநிலத்து பர்பன் கவுன்டியின் பெயர் தாங்கிய இந்த இனம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. சாதுவான குணம் முக்கியம் என்றால் நரகான்செட் பாருங்கள்.

மேலே சொன்ன பாரம்பரிய இனங்களில் எதுவானாலும் வளர நாளாகும். பண்ணைகளில் வளரும் அகன்ற மார்பு வெள்ளை இனம் நான்கைந்து மாதத்தில் கறிக்குத் தயார். ஆனால் மார்பு பெருத்ததால் தானாக இணை சேர முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான். பாரம்பரிய இனத்துக்கு சுமார் 28 வாரம் வேண்டும். விருந்து நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குஞ்சு வாங்குங்கள், தீனிச் செலவையும் அதற்கேற்பக் கணக்கிடுங்கள். பதிலுக்கு ஒரு சேவலும் சில பெட்டைகளும் இருந்தால் தாமே சேர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பெட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பலன் தரும்.

இனத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரே பர்பன் ரெட்டில் ஒருவர் கண்காட்சி நிறத்துக்காகத் தேர்ந்தெடுப்பார், இன்னொருவர் கறிக்காக. நேரில் போய்த் தாய் தந்தைப் பறவைகளைக் கையில் பிடித்துப் பாருங்கள். மார்பெலும்பைத் தடவும்போது இருபுறமும் சதை தட்டுப்பட வேண்டும். எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால் வேறு இடம் பாருங்கள். எத்தனை வாரத்தில் என்ன எடை வந்தது என்று கேளுங்கள். எடை போட்டுக் குறித்து வைத்திருப்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம்.

அப்புறம் இடம். கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழியை விடாதீர்கள். கோழியின் குடற்புழு வழியே வரும் பிளாக்ஹெட் நோய் கோழியைப் பெரிதாகப் பாதிக்காமலே வான்கோழியைக் கொன்றுவிடும். தனி இடம் இல்லை என்றால் இந்த முறை எந்த இனமும் வாங்க வேண்டாம். இடம் இருந்தால் ஒற்றைக் குஞ்சாக வாங்காமல் ஐந்தாறாக வாங்குங்கள். முதல் வாரம் 35 டிகிரி சூடு கொடுங்கள். வந்தவுடன் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு விடுங்கள், சில குஞ்சுகளுக்குத் தானாகக் குடிக்கத் தெரியாது.