நடைமேடையை நீட்ட முடியாது: குவாங்சோ மெட்ரோ செய்த தவறுகள்

சீனாவின் குவாங்சோ நகரில், காலை எட்டரை மணிக்கு டீயூ ஷீலூ நிலையத்தில் ஒருமுறை ரயில் மாறிப் பார்த்தவருக்கு மூன்றாம் பாதையைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. 'நரக மூன்றாம் பாதை' என்பது உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர். குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்குப் போகும் நம் ஊர் வியாபாரிகளுக்கும் இந்தப் பாதை பழக்கம்தான். விமான நிலையத்தில் அதில் ஏறி, எட்டாம் பாதைக்கு மாறினால் கண்காட்சி நடக்கும் பாசோவில் இறங்கலாம்.

குவாங்சோவின் முதல் மெட்ரோ 1997 ஜூன் 28 அன்று ஓடியது. சீனப் பெருநிலத்தில் பெய்ஜிங், தியான்ஜின், ஷாங்காய்க்கு அடுத்து நான்காவது நகரம். இன்று உலகின் பெரிய மெட்ரோக்களில் ஒன்று. ஆனால் மெட்ரோ திட்டமிடுகிறவர்கள் அதன் நீளத்தைவிட அது செய்த தவறுகளைப் படிப்பது நல்லது. அவற்றில் பெரும்பாலானவை திறப்பு விழாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே, காகிதத்தில் நடந்தவை.

முதலாவது, இன்றைய கூட்டத்தைப் பார்த்து ரயிலின் நீளத்தைத் தீர்மானிப்பது.

மூன்றாம் பாதையின் முதல் பகுதி 2005 டிசம்பரிலும், தெற்கே பான்யூவரை 2006 டிசம்பரிலும் திறந்தது. வேகமான ரயில், மணிக்கு 120 கி.மீ. ஆனால் மூன்றே பெட்டி. சின்ன ரயிலை அடிக்கடி விட்டால் போதும் என்பது கணக்கு. அன்றைய பான்யூவைப் பார்த்தால் அந்தக் கணக்கில் தப்பில்லை, அது ஊருக்கு வெளியே இருந்த இடம். ஆனால் ரயில் வந்ததும் பான்யூ அப்படியே இருக்கவில்லை. தியான்ஹேயில் அலுவலகம், பான்யூவில் கட்டுபடியாகும் வீடு, நடுவில் ஒரே ரயில் என்று ஒரு தலைமுறையே தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. பாதை தன் கூட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. பயணிகள் மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். இருக்கிற மக்களை எண்ணுவார்கள், ரயிலை நம்பி வரப்போகிறவர்களை எண்ண மாட்டார்கள். பின்னாளில் இந்த ஒரு பாதை நெருக்கடியான நாள்களில் 20 லட்சம் பயணங்களைத் தாண்டியது.

நல்ல வேளையாக, நடைமேடைகளை ஆறு பெட்டிக்குக் கட்டியிருந்தார்கள். 2010இல் மூன்று பெட்டி ரயில்கள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஆறாக்கினார்கள். நடுவில் இரண்டு ஓட்டுநர் அறைகள் முட்டிக்கொண்டு நிற்கும், அந்த வழியாக மறுபாதிக்கு நடந்து போக முடியாது. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான், ஆனால் உடம்பை மறைத்தது.

ஆறாம் பாதைக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2013 டிசம்பரில் திறந்த அது, மூன்றாம் பாதையின் பாடம் ஊரறிந்த பிறகு வந்தது. ஆனாலும் நான்கு பெட்டி, அதற்கேற்ற குட்டி நடைமேடை. துணைப் பாதை என்று நினைத்து எப்போதோ போட்ட வரைபடம், கட்டி முடிக்கும்போது பழைய நகரத்தின் நெருக்கமான கடைத்தெருக்களுக்கு அடியில் முக்கியப் பாதையாகிவிட்டது. அதன் ரயில் ஏறக்குறைய 70 மீட்டர் நீளம். பின்னர் வந்த எட்டு பெட்டி ரயில்கள் 180 மீட்டருக்கு மேல். பெட்டி வாங்கலாம், சிக்னலை மாற்றலாம், அப்புறம் ஓட்டுநர்களையும் கூட்டலாம். தரைக்கு அடியில், மேலே வீடுகள் நிற்க, நடைமேடையை இழுத்து நீட்ட முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் எட்டு பெட்டிக்குக் கட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு தவறு காத்திருக்கிறது.

பதின்மூன்றாம் பாதை 2017 டிசம்பரில் அப்படித்தான் வந்தது. அகலமான எட்டு பெட்டி ரயில்கள், ஆனால் கிழக்குப் புறநகரில் மட்டும். அன்றைய மேற்கு முனையான யூசூவில் எல்லோரும் இறங்கி ஐந்தாம் பாதையின் சிறிய ஆறு பெட்டி ரயிலில் ஏற வேண்டியிருந்தது. அண்டாவில் கொண்டுவந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றுகிற கதை. நகர நடுப்பகுதி 2025இல்தான் திறக்கத் தொடங்கியது. புறநகரில் நிலம் எளிதாகக் கிடைக்கும், வேலை சீக்கிரம் முடியும், திறப்பு விழாவும் நடக்கும். அதனால் ஓரத்திலிருந்து கட்டத் தொடங்கும் ஆசை எந்த நகரத்துக்கும் வரும். ஆனால் ஓரத்தில் சேர்ந்த கூட்டம் முழுவதும் ஏற்கெனவே நிரம்பிய பழைய பாதையில்தான் வந்து விழும்.

2021 செப்டம்பரில் திறந்த பதினெட்டாம் பாதையைப் பாருங்கள். மணிக்கு 160 கி.மீ. வேகம், 58 கி.மீ. தூரத்துக்கு எட்டே நிலையங்கள். பொறியியலில் அசத்தல்தான். ஆனால் திறந்த அன்று அதன் வடமுனையான ஷியான்சுன்னில் மாறுவதற்கு வேறு பாதை கிடையாது. அத்தனை வேகத்தில் வந்தவர் வெளியே ஏறித் தெருவில் நடக்க வேண்டியிருந்தது.

வட்டப்பாதையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஷாங்காய் தன் வட்டத்தை 2007இல் முழுமையாக்கிவிட்டது. குவாங்சோவின் பதினொன்றாம் பாதை 2024 டிசம்பர் 28 அன்றுதான் ஓடியது, முதல் ரயிலுக்கு 27 ஆண்டுகள் கழித்து. அதுவரை ஒன்றாம் பாதைக்காரர், ஐந்தாம் பாதைக்காரர், எட்டாம் பாதைக்காரர் எல்லோரும் மாறுவதற்கு ஓடிய முக்கிய நிலையங்கள் மூன்றாம் பாதையில்தான் இருந்தன. ஆக, 'நரகம்' என்ற பெயருக்கு மூன்று பெட்டிகள் மட்டும் காரணமல்ல, சுற்றிப் போக வழி இல்லாததும் காரணம்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்யோசனை அவர்களுக்கு இல்லாமலில்லை. பழைய இரண்டாம் பாதை வடக்கிலிருந்து தெற்கே வந்து கிழக்கே வளையும். அதை வெட்டி இரண்டு பாதைகளாக்க வேண்டியிருந்தபோது, 2010இல் நிலா விழா விடுமுறையைப் பார்த்து, செப்டம்பர் 22 முதல் 24 வரை மட்டும் ரயிலை நிறுத்தினார்கள். 25ஆம் தேதி காலை அது இரண்டாம் பாதை, எட்டாம் பாதை என இரண்டாக ஓடியது. இப்படி மூன்றே நாளில் வெட்டி ஒட்டுவதற்குப் பல ஆண்டுத் தயாரிப்பு வேண்டும்.

அதே ஆண்டில், ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, நடத்துவதில் ஒரு சறுக்கல். நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கார்களைக் குறைக்க வேண்டும், மக்களுக்கும் ஒரு நன்றிக்கடன் என்று மெட்ரோவையும் பேருந்தையும் இலவசமாக்கினார்கள். நவம்பர் 1 அன்று தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களோடு, சும்மா ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வந்தவர்களும் ஏறிக்கொண்டார்கள். நிலையங்கள் தாங்கவில்லை. ஒரு வாரத்தில் இலவசத்தை நிறுத்திவிட்டு, நகரில் நிரந்தரமாக வசிக்கும் குடும்பம் ஒன்றுக்கு 150 யுவான் பணமாகக் கொடுத்தார்கள். கட்டணக் குறைப்பு தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே மூச்சுமுட்டும் நேரத்திலும் விலையை எடுத்துவிட்டதுதான் தப்பு. உச்ச நேரம் தவிர்த்த இலவசமாக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கூட்டம் வந்த பிறகு நடத்துகிறவர் கையில் இருக்கும் கருவிகள் கொஞ்சம்தான். நிலைய வாசலில் 'இரும்புக் குதிரை' என்று அங்கே அழைக்கப்படும் தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்து, ஆள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். சில ரயில்களைக் காலியாகவே நடுவழி நிலையம்வரை ஓட்டிச்சென்று, அங்கே காத்திருப்பவர்களை முதலில் ஏற்றுவார்கள். அது இல்லாவிட்டால் நடுவழிக்காரர் எவருக்கும் ஏற இடமே கிடைக்காது.

மண்ணைக் குறைத்து மதிப்பிடுவதை நான் கடைசியில் சொல்கிறேன், ஆனால் இதன் விலைதான் மிகப் பெரியது. குவாங்சோவின் அடியில் மேலே இளகிய மண், கீழே கடும்பாறை. வடக்கே போனால் சுண்ணாம்புப் பாறைக்குள் குகைகள். சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு இதைவிடத் தொல்லை இல்லை. 2019 டிசம்பர் 1 அன்று பதினொன்றாம் பாதையின் ஷாஹே நிலையப் பணியிடத்தில் சாலை இடிந்து பள்ளமாகி, மேலே போய்க்கொண்டிருந்த மூன்று பேர் உள்ளே விழுந்து இறந்தார்கள். ரயிலில் ஏறவே வராத மூவர் அவர்கள். நிலத்துளை ஆய்வில் மிச்சம் பிடித்த பணம் எதற்கும் ஆகாது.

மறுபக்கம், கூட்டமே வராத இடத்தில் மெட்ரோ கட்டுவதும் சீனாவில் நடக்கப் பார்த்தது. பாவ்தோ நகரின் பணி 2017இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மத்திய அரசு, நகர வருவாய் 3,000 கோடி யுவான், பொருளாதாரம் 30,000 கோடி யுவான், மக்கள்தொகை 30 லட்சம் இருந்தால்தான் மெட்ரோவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வாசலை உயர்த்தியது.

சரி, குறைவாகவும் கட்டக்கூடாது, அதிகமாகவும் கட்டக்கூடாது என்றால் என்னதான் செய்வது? மூன்றாம் பாதை தெரியாமலே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. நிலையத்தை நீளமாகக் கட்டு, ரயிலைக் குட்டையாக வாங்கு. கூட்டம் வந்தால் பெட்டியைச் சேர், வராவிட்டால் நஷ்டம் கொஞ்சம் கான்கிரீட் மட்டும். ஆறாம் பாதையில் இன்றும் நான்கு பெட்டிதான் ஓடுகிறது.